நாலாவது பக்கம், பக்கத்து வீட்டுச் சுவர்

சஃபியாக்கா தன்னிடம் படித்த பிள்ளைகளை அவர்கள் செய்த தப்பை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். நீளத்தையும் அகலத்தையும் கூட்டிவிட்டு இரண்டால் பெருக்க மறக்கிறவன் சாஜித். பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி வைக்கிறவள் ரித்திகா. கழித்தல் குறியைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தாண்டிப் போகிறவன் கவின். கரும்புக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் பத்து வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவர். கொரோனாவுக்கு மூடிய அந்தப் பள்ளி பிறகு திறக்கவே இல்லை. பிள்ளைகள் எங்கெங்கோ சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய தப்புகள் மட்டும் அக்காவோடு பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்தன.

அங்கேதான் எங்கள் அலுவலகம். கீழே பம்ப்செட் உதிரி பாகம் கடைகிற லேத் பட்டறை, மேலே நாங்கள். லேத் ஓடும்போது மேசையில் இருக்கிற டீயில் வளையம் வளையமாக அலை எழும்பும். பள்ளிகளுக்கு ஆன்லைனில் தேர்வு நடத்திக் கொடுக்கிற கம்பெனி இது. கேள்விகள் எல்லாம் சேர்ந்து கிடக்கிற இடத்துக்கு பேங்க் என்று பெயர். அதில் கேள்வி எழுதிப் போடுவதுதான் எங்கள் வேலை. நான் அறிவியல், அக்கா கணக்கு. பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்று, தப்பான விடை மூன்று வேண்டும். சரியான விடையை யாரும் எழுதிவிடலாம். தப்பு விடையில்தான் கை நிற்கும். வாய்க்கு வந்த எண்ணைப் போட முடியாது. ஒவ்வொரு தப்பு விடைக்கும் எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளை என்ன நினைத்து அந்த விடைக்கு வந்து சேரும் என்று அதில் எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கையில் அக்கா நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போவார். "இது சாஜித்து... இது நம்ம ரித்திகா..." என்று உதடு மட்டும் அசையும்.

"ஏனுங்கக்கா, உங்க கிளாஸ்ல சரியாப் போட்டவங்க ஒருத்தருமே இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்தாங்க கண்ணு. அவங்க பேரெல்லாம் மறந்துபோச்சு."

அவருக்குத் திரும்ப வகுப்பறைக்குப் போக வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இங்க தப்பு வருது மதி, தப்புப் பண்றவன் வரமாட்டேங்கறான். அவனைக் கூப்பிட்டு, எப்படிடா இருபது வந்துச்சுன்னு கேக்கோணும். அதுக்குத்தான் நான் பி.எட். படிச்சேன்" என்பார். விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம், நாற்பது வயதாகிவிட்டதே, நடுவில் இத்தனை வருஷம் வகுப்பு எடுக்கவில்லையே என்றார்கள். கணவர் அமீர் ஹம்சா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். ஒரே மகள் ரிஃபத், அப்போது ஏழாம் வகுப்பு. வேலையை விட்டுவிட்டு வேலை தேடுகிற வசதி அந்த வீட்டுக்கு இல்லை.

போன வருஷம் ஆனி மாதம் அக்கா ஒரு தொகுப்பு தயாரித்தார். ஏழாம் வகுப்பு, பரப்பளவும் சுற்றளவும், நாற்பது கேள்விகள். சுலபமானவை முன்னால், கடினமானவை பின்னால் வருகிற மாதிரி எக்செல்லில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்க ஒரே ஒரு தட்டுத்தான். ஆனால் எத்தனையாவது விடை சரி என்று குறிக்கிற நிரலுக்கு முன்னால் காலியாக ஒரு நிரல் இருந்தது. எக்செல் அந்தக் காலி நிரலோடு நின்றுவிட்டது. கேள்விகள் எல்லாம் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. விடைகள் பழைய இடத்திலேயே இருந்தன. எவனோ ஒருவனுடைய விடை எவனோ ஒருவனுக்கு எதிரே.

சரிபார்க்கிறவர்களும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் விடையைப் பார்ப்பதில்லை. எண்ணுக்கும் 'செ.மீ.'க்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, கேள்விக்குறி இருக்கிறதா, எழுத்து ஒரே அளவில் இருக்கிறதா, காரணக் கட்டம் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அக்காவின் தொகுப்பில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஒன்றுகூடத் திரும்பி வராத தொகுப்பு என்று எங்கள் பிரிவுத் தலைவர் நஞ்சுண்டன் சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

ரிஃபத்தின் பள்ளி எங்கள் பேங்க்கை வாங்கியிருந்தது. ஆவணியில் அவள் ஒரு தேர்வு எழுதினாள். நீளம் 12 செ.மீ., அகலம் 8 செ.மீ. உள்ள செவ்வகத்தின் சுற்றளவு என்ன? கீழே நான்கு விடைகள்: 20, 96, 40, 24. ரிஃபத் 40 போட்டாள். திரை சிவப்பாகி, தப்பு, சரியான விடை 96 என்று காட்டியது. அது தன் அம்மா எழுதிய கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் வந்து சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் அவளுடைய கணக்கு நோட்டை அக்கா எதேச்சையாகப் புரட்டியபோது, தோட்டத்துக்கு வேலி போடுகிற கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வைத்திருந்தாள்.

"ஏண்டி, வேலிக்கு எதுக்குப் பெருக்கறே?"

"சிஸ்டம் அதைத்தாம்மா ரைட்டுங்குது."

"சிஸ்டம் சொன்னா? நான் சொல்லிக் குடுத்தது என்னாச்சு?"

"நீ சொன்னதைப் போட்டுத்தான் மார்க்குப் போச்சு."

அன்றைக்கு அவளை வாய் ஓயாமல் திட்டியதாக மறுநாள் பஸ்ஸில் சொன்னார். அக்கா உக்கடத்தில் ஏறி காந்திபுரத்தில் மாறி வருவார். கவுண்டம்பாளையத்தில் நான் ஏறும்போது பக்கத்து இருக்கையில் அவருடைய சாப்பாட்டுப் பை எனக்காக உட்கார்ந்திருக்கும். அன்று பையை எடுக்க மறந்துவிட்டார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

அலுவலகம் போனதும் தொகுப்பைத் திறந்து பார்த்தார். ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. நேராக நஞ்சுண்டன் சாரிடம் போனார்.

"உக்காருங்க மேடம். டீ சொல்லட்டுங்களா?" என்றார் அவர். டீ வருகிற வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தப்புத்தானுங்க. ஆனா பாருங்க, லைவ் போன தொகுப்புக்கு பூட்டுப் போட்டிருக்குது. ஸ்கூல்காரங்க ரேங்க் கார்டே குடுத்துட்டாங்க. இப்பப் போயி மாத்துனா, இத்தனை ஸ்கூலுக்கும் நாமளே தண்டோராப் போட்ட மாதிரி ஆயிருமுங்க."

"பசங்க வேலிக்குப் பெருக்கிட்டு இருக்காங்க சார்."

"ஒரு வருஷந்தானுங்க. அடுத்த வருஷம் புதுத் தொகுப்பு வந்துச்சுன்னா இது தன்னால அடியில போயிருமுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. டீ ஆறுதுங்க."

அக்கா இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். கத்துகிற ஆளிடம் பதிலுக்குக் கத்தலாம். நஞ்சுண்டன் சாரிடம் டீயைக் குடித்துவிட்டுத்தான் திரும்ப முடியும். மூன்றாவது தடவை அக்கா அறைக்குள் நுழையும்போதே டீ வந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதம், போத்தனூர்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் பள்ளியில் கணக்கு டீச்சர் வெளிநாடு போய்விட்டார், ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. அங்கே வயதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, பிறகு ஒரு பீரியட் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் மட்டும் சொன்னார். "உக்கடத்துல இருந்து ஒரே பஸ்ஸு மதி. கெடைச்சுதுன்னு வச்சுக்கோ, இந்த லேத்துச் சத்தம் இனி உனக்கு மட்டுந்தான்." மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்று சொல்லி லீவு எடுத்தார்.

ஒரு இடத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். முதல் கேள்வி திரையில் வந்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணுக்கும் 'செ.மீ.'க்கும் நடுவே அந்த இடைவெளி. எங்கள் பேங்க். அந்தப் பள்ளி புதிதாக வாங்கியிருக்கிறது. யாரோ எழுதிய கேள்விகள் வந்தன, பிறகு அவருடையவை வந்தன, பிறகு அந்தப் பூட்டுப் போட்ட தொகுப்பிலிருந்து மூன்று வந்தன. செவ்வகமும் வந்தது.

"எந்திரிச்சு சொல்லியிருக்கலாம் மதி. சொன்னா, நீங்க கெளம்புங்கன்னு சொல்லிப்போடுவாங்களோன்னு இருந்துச்சு."

முதலில் 40 என்றுதான் போட்டார். மற்ற இரண்டுக்கும் சரியானதையே போட்டார். எல்லாம் முடிந்து நேரம் மீதி இருந்தது. அந்த மீதி நேரம்தான் அவரைக் கெடுத்தது. மூன்று மார்க் போனால் இந்த இடமும் போகும் என்று தோன்றியிருக்கிறது. மூன்று கேள்விகளையும் திரும்ப எடுத்து, மெஷினுக்குள் எந்த விடை கிடக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ அதற்கு மாற்றினார். செவ்வகத்துக்கு 96.

"ரிஃபத்தை அந்தப் பாடு படுத்தினேன். அவளாச்சும் தெரியாமப் போட்டா."

அக்காதான் முதல் மதிப்பெண். அடுத்த வாரமே வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள்.

அந்த வகுப்பைப் பற்றி அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஏழாம் வகுப்பு. பின்வரிசையில் தலைமையாசிரியை தெய்வாத்தாள் மேடம் உட்கார்ந்திருக்கிறார். அக்கா பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, 12, 8 என்று எழுதி, "இது உங்க வீடு. சுத்தி வேலி போடோணும். எவ்வளவு கம்பி வாங்கறது?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பு முழுக்க நாற்பது என்று கத்தியது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் முப்பத்திரண்டு என்றாள்.

"எப்படி கண்ணு முப்பத்திரண்டு வந்துச்சு?"

"நாலாவது பக்கத்துக்கு எதுக்குங் மிஸ் கம்பி? அது பக்கத்து வீட்டுச் சுவரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பலகைக்குக் கூப்பிட்டு அவளுடைய வீட்டை வரையச் சொன்னார். "உன் வீட்டுக்கு நீ சொன்னதுதான் கணக்கு. கம்பி வாங்கப் போனா முப்பத்திரண்டே வாங்கு" என்றார். பிறகு ஒரு எறும்பை வரைந்தார். "இந்த எறும்பு உன் வீட்டைச் சுத்தி வரோணும். சுவத்து மேல ஏறித்தான் போகும். இப்ப எவ்வளவு தூரம்?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்பது என்றாள். மணி அடித்தது அக்காவுக்குக் கேட்கவே இல்லை.

தெய்வாத்தாள் மேடம் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

"கிளாஸ் நல்லா எடுத்தீங்கம்மா. இப்படி எடுத்து நான் பாத்து நாளாச்சு." பிறகு ஒரு தாளைத் திருப்பி வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். இந்த மூணு கேள்வியில மத்தவங்க அத்தனை பேருமே தப்புன்னு மெஷின் காட்டுது. அதென்ன அதிசயம்னு நானே கையில போட்டுப் பாத்தேன். தப்பு மெஷின் மேல. மூணையும் அடிச்சுப்போட்டேன். ஆனா நீங்க ஒருத்தர் மட்டும் மூணுலயும் மெஷின் கூடவே போயிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு இப்ப அத்தனை அழகா நாப்பதைச் சொல்லிக் குடுத்தீங்களே, அப்பறம் எப்படிம்மா தொண்ணூத்தாறு?"

கவனிக்காமல் போட்டுவிட்டேன் என்று ஒரு கேள்விக்குச் சொல்லலாம். மூன்றுக்கும் சொல்ல முடியாது. அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எக்செல், காலி நிரல், பூட்டு, ரிஃபத்தின் நோட்டு வரைக்கும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கேள்வி வந்தது உங்க குத்தமில்ல. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற கேள்வி குடுத்திருப்பேன். அட, நாப்பதுன்னே விட்டிருந்தாக்கூட நீங்கதாம்மா ஃபர்ஸ்ட்டு. அந்த மூணும்தான் கணக்குலயே இல்லையே."

"இப்ப வேற கேள்வி குடுங்க மேடம். இங்கயே உக்காந்து எழுதறேன்."

"கணக்கு வருமான்னு எனக்குச் சந்தேகமே இல்லீங்க. தப்புன்னு தெரிஞ்சும் போட்டீங்களே, அதைத்தான் நான் பாக்கறேன்."

அக்கா எழுந்து வந்துவிட்டார். மறுநாள் பஸ்ஸில் இதை எல்லாம் சொல்லி முடிக்கும்போது பஸ் துடியலூரைத் தாண்டியிருந்தது. பிறகு, "புதுத் தப்பு ஒண்ணு கெடைச்சுது பாரு மதி. முப்பத்திரண்டு. இத்தனை வருஷத்துல எவனும் எனக்கு அதைப் போட்டதில்ல. அவ பேரைக் கேக்காம வந்துட்டேன்" என்றார்.

அந்த வாரமே மூன்று கேள்விகளில் விடை தப்பு என்று அந்தப் பள்ளியிலிருந்து எங்கள் கம்பெனிக்கு மெயில் வந்தது. அக்காவின் பெயர் அதில் இல்லை. பூட்டு ஒரு மணி நேரத்தில் திறந்துகொண்டது. "ஏனுங்க மேடம், அந்தச் சுற்றளவுத் தொகுப்பைக் கொஞ்சம் பாத்துக் குடுத்துருங்களேன்" என்றார் நஞ்சுண்டன் சார், முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அக்கா நாற்பது விடைகளையும் உரிய இடத்தில் உட்கார வைத்தார். அப்படியே செவ்வகக் கேள்வியில் 24 என்ற தப்பு விடையை எடுத்துவிட்டு 32 என்று போட்டார். காரணக் கட்டத்தில், 'நாலாவது பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் என்று விட்டுவிடுவது' என்று எழுதினார்.

மகளுக்கு மார்க் ஏறிவிட்டது என்று ஆசையாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். "அது பழைய டெஸ்ட்டும்மா. இப்ப யாரு அதைப் பாக்கறா" என்றாளாம் ரிஃபத். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப வேலிக்கு இனிக் கூட்டறதுதானா?" என்று கேட்டாளாம்.

ஒரு வாரம் கழித்து நஞ்சுண்டன் சார் மறுபடியும் டீ சொன்னார். அந்தத் தேர்வை எழுதியவர்களின் பட்டியல் எங்கள் சிஸ்டத்திலேயேதான் இருந்தது.

"நீங்க வேற எடத்துக்கு எழுதறதுல எனக்கு வருத்தமே இல்லீங்க மேடம். தாராளமா எழுதுங்க. ஆனா நம்ம பேங்க்கை வாங்குன ஸ்கூலுக்கு மட்டும் வேண்டாமுங்க. கேள்வி பூராம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே. நாளைக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கும் நல்லாருக்காது, நமக்கும் நல்லாருக்காது."

அதில் தப்புக் கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

புதிதாக ஒரு பள்ளி சேர்ந்தால் நஞ்சுண்டன் சார் மைசூர்பா வாங்கிவந்து மேசை மேசையாகக் கொடுப்பார். முன்பெல்லாம் எந்தப் பள்ளி என்று யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு அக்கா கேட்க ஆரம்பித்தார். "எந்த ஸ்கூலுங்க சார்?" சிரித்த முகமாகத்தான் கேட்பார். சுந்தராபுரம் என்பார் சார். குனியமுத்தூர் என்பார். அக்கா மைசூர்பாவைப் பாதியாக விண்டு வாயில் போட்டுக்கொள்வார். அந்த வருஷம் பேங்க் நன்றாகப் போனது. உக்கடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற பள்ளிகள் முதலில் தீர்ந்தன. இரண்டு பஸ் மாறுகிறவை பிறகு தீர்ந்தன. ஈரோட்டிலிருந்தும் ஒரு பள்ளி சேர்ந்த அன்றைக்கு, "கோயம்புத்தூரே முடிஞ்சு போச்சா சார்?" என்று கேட்டார். சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு வைத்தார்.

"நீங்க நல்லா எழுதறதாலதானுங்கக்கா இப்படி வாங்கறாங்க. கொஞ்சம் மோசமா எழுதுங்க" என்றேன்.

"எழுதிப் பாத்தேன் கண்ணு. சாஜித்து விடமாட்டேங்கறான்."

இந்த ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்கும் வந்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

கோட்டைமேட்டில் அவருடைய வீட்டுக்கு அன்றுதான் முதன்முதலில் போனேன். குறுகலான சந்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகளில் ஒன்று. இடப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், வலப்பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். ரிஃபத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்கதான் மதி அக்காங்களா?" என்று கேட்டாள். நான் கிளம்பும்போது அமீர் ஹம்சா அண்ணன் வாசல் வரைக்கும் வந்து, "ஆபீஸ்ல அவ டிபன் டப்பா ஒண்ணு இருக்கும்னு நெனைக்கறேனுங்க" என்றார். இருந்தது. கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்காவின் முடியாத வேலைகளை என் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் அந்தச் செவ்வகக் கேள்வி இருக்கிறது. திருத்திய விடை அன்றே ஏறிவிட்டது. புதிய தப்பு விடை மட்டும் சரிபார்க்கிறவர்களிடம் போய் நின்றுகொண்டது. '32: காரணம் தெளிவாக இல்லை. பிள்ளைகள் உண்மையில் இப்படித் தவறு செய்வார்களா?' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்பியிருக்கிறார். வருஷம் முழுக்க அது போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. என்னிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை.

"அது எதுக்குங்க மதி, பழையபடி இருபத்திநாலுன்னே போட்டுருங்க. உடனே பாஸ் ஆயிரும்" என்றார் நஞ்சுண்டன் சார். டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

செய்வார்கள் என்று எழுதி அனுப்பினேன். ஏழாம் வகுப்பில், மூன்றாவது வரிசையில் ஒரு பெண் செய்தாள் என்றும் எழுதினேன். நேற்று திரும்பி வந்தது. எண்ணுக்கும் 'செ.மீ.'க்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.